தரைக்கு அடியில் நெருப்பு: நிக்கோபாரின் கொப்பரைப் பரணும் ரப்பர்ப் புகைக்கூடமும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் வரலாற்றில் தரைக்கு அடியிலிருந்து சூடேற்றும் கட்டடங்களுக்கு ஓர் இடம் உண்டு என்றால் கேட்பவர் எளிதில் நம்பமாட்டார். போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அலுவல்முறையில் அழைக்கப்படும் நகரில், டிசம்பர் இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. நிக்கோபார் அதற்கும் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. அங்கே காலுக்குக் கதகதப்பு யாருக்கு வேண்டும்? ஆயினும் அத்தீவுகளின் பொருளியல் வாழ்வில் இரண்டு பணிக்கூடங்கள் அடியிலிருந்து எழும் வெப்பத்தை நம்பியே அமைந்தவை. ஒன்று, நிக்கோபாரியரின் கொப்பரைப் பரண். மற்றொன்று, இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் உழைத்த கச்சால் தீவின் ரப்பர்த் தொழிலோடு பிணைந்த புகைக்கூடம். இரண்டிலும் வெப்பம் மனிதருக்காக மூட்டப்பட்டதன்று, சரக்குக்காக மூட்டப்பட்டது. அந்த வெப்பத்தோடு கூடவே வந்த புகையை ஒரு சந்தை குற்றம் என்றது, மற்றொரு சந்தை குணம் என்றது. தீவுகளின் குடியேற்ற வரலாற்றை எழுதியோர் நிலத்தையும் மக்கள்தொகையையும் எண்ணினார்கள். இந்த அடுப்புகளின் பக்கம் அவர்கள் பார்வை அதிகம் திரும்பவில்லை.

தரைச்சூடு என்றவுடன் கட்டடக்கலை மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது உரோமாபுரியின் ஹைப்போகாஸ்ட். 'அடியிலிருந்து எரிப்பது' என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். சிறு செங்கல் தூண்களின் மேல் தரையை உயர்த்தி, இடைவெளியில் அடுப்பின் சூடான காற்றைச் செலுத்திக் குளியலறைகளைக் கதகதப்பாக வைத்தார்கள். கொரியாவின் ஒண்டோல் வேறொரு மரபு. சமையலடுப்பின் புகை, கல்பாவிய தரைக்கு அடியில் ஓடும் கால்வாய்கள் வழியாக மறுபக்கப் புகைபோக்கிக்குச் செல்லும். அதன் பழைய பெயரான 'குடுல்' என்பதற்குச் 'சுட்ட கல்' என்று பொருள் கூறுவார்கள். 1914ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டோக்கியோவில் ஒரு பிரபுவின் மாளிகையிலிருந்த கொரிய அறையில் அமர்ந்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், அந்த வெப்பத்தின் இதத்தை மறக்கவில்லை. 1937இல் விஸ்கான்சின் மாநிலத்தில் எழுந்த ஜேக்கப்ஸ் இல்லத்தில் கான்கிரீட் தரைக்கு அடியில் குழாய் பதித்தார். இன்று குளிர்நாடுகளில் கார் நிறுத்துமிடத்திலும் வீட்டுப் பட்டறையிலும் கான்கிரீட் தளத்துக்குள் நெகிழிக் குழாய்களைச் சுருள்சுருளாகப் பதித்து வெந்நீர் ஓடவிடும் வழக்கம் இந்த வரிசையில் வருவதே.

இவை யாவும் மனித உடலுக்கானவை. பொருளை உலர்த்துவதற்காகக் கீழிருந்து சூடேற்றும் மரபு இதற்கு இணையாக, பெயர் பெறாமல், உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆந்திரத்தின் புகையிலைக் களஞ்சியங்களில் தரையை ஒட்டி ஓடும் இரும்புப் புகைக்குழாய்கள், தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிகளில் கொழுந்தை வாட்டுவதற்குக் கீழிருந்து ஏற்றப்பட்ட வெப்பக்காற்று, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டம்தோறும் காணப்படும் புகைக்கூடம் எல்லாம் அந்த மரபினுள் அடங்கும். பொறியியலாளர் சிலர் இவற்றைத் தரைச்சூடு என்று ஒப்பமாட்டார்கள். தரையின் பரப்பு வெப்பத்தை வீசுவது வேறு, தரையிலுள்ள திறப்பின் வழியே வெப்பக்காற்று மேலெழுவது வேறு என்பார்கள். வேறுபாடு உண்மையே. ஆனால் ஒண்டோலின் கல்லடிக் கால்வாயையும் ரப்பர்ப் புகைக்கூடத்தின் தரையடிக் கால்வாயையும் அருகருகே வரைந்து பார்த்தால், கல்லை மூடியிருக்கிறார்களா திறந்துவைத்திருக்கிறார்களா என்பதற்கு மேல் பெரிய வேறுபாடு தென்படாது.

வெப்பமான நாட்டில் ஏன் இத்தனை வெப்பம்? விடை ஈரப்பதத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகள் இவை. தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரு பருவமழைகளும் இங்கே பொழிகின்றன. ஓரளவு வறண்ட காலம் என்பது சனவரி முதல் ஏப்ரல் வரைதான். 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு பொருளைத் தொங்கவிட்டால் அது உலர்வதற்கு முன் பூசணம் பிடிக்கும். அதே காற்றை, நீர் எதையும் சேர்க்காமல், 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 26 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள நீரின் அளவு மாறவில்லை. அது ஏற்கக்கூடிய நீரின் அளவுதான் மூன்று மடங்குக்கு மேல் பெருகியது. சூடான காற்று தானே மேலெழும் என்பதால் நெருப்பைக் கீழே வைப்பதே எளிது, விசிறியும் வேண்டாம். இந்த எளிய கணக்கை நிக்கோபாரியரும் அமேசான் காட்டினரும் தமிழ்நாட்டில் அடுப்புக்கு மேலே பரண் அமைத்து விதையும் புளியும் காத்தவர்களும் எண்களின்றி அறிந்திருந்தார்கள்.

முதலில் கொப்பரை. தமிழருக்கு இச்சொல் இரு பொருள் தரும்: கார்த்திகை நாளில் திருவண்ணாமலை உச்சியில் எரியும் பெருங்கலம் ஒன்று, உலர்ந்த தேங்காய்ப் பருப்பு மற்றொன்று. இரண்டாவது பொருளில்தான் இச்சொல் உலகைச் சுற்றியது. மலையாளக் கரையின் வழக்கிலிருந்து போர்த்துக்கீசியர் எடுத்துச்சென்றனர். 1563இல் கோவாவில் அச்சேறிய கார்சியா த ஓர்த்தாவின் மருந்துப்பொருள் நூலில் அது காணப்படுகிறது. பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுச்சொல்லாயிற்று. சொல் மேற்கே போனது. பொருளின் ஒரு பகுதி கிழக்கே, முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிக்கும் நிக்கோபாரில் விளைந்தது. தென்னையே அத்தீவுகளின் நாணயம். வணிகக் கப்பல்கள் அரிசி, துணி, இரும்பு முதலியவற்றைக் கொண்டுவந்து தேங்காயை ஏற்றிச்சென்றன. 1756இல் தரங்கம்பாடியிலிருந்து சென்ற தேனியர் இத்தீவுகளைத் தம் குடியேற்றமாக அறிவித்தார்கள், காய்ச்சலில் மாண்டார்கள், திரும்பத் திரும்ப முயன்று கைவிட்டார்கள். 1869இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். கொடிகள் மாறின, தேங்காய் வணிகம் மாறவில்லை. முழுத் தேங்காயாகச் சென்றது காலப்போக்கில் கொப்பரையாகச் சென்றது. கப்பலில் இடமும் எடையும் மிச்சம் என்பதே காரணம். புதுத் தேங்காய்ப் பருப்பில் பாதியளவு நீர். நல்ல கொப்பரையில் 6 விழுக்காட்டளவே நீர். அந்த வேறுபாட்டைக் கடலுக்கு இப்பாலேயே ஆவியாக்கிவிட வேண்டும்.

ஆவியாக்கும் வேலை பரணில் நடந்தது. தீவின் இந்தி வழக்கில் அது மச்சான். கம்புகளை நாட்டி, அவற்றின் மேல் இடைவெளி விட்டுப் பிளாச்சுகளைப் பரப்பி, மேலே ஓலைக்கூரை வேய்ந்தால் பணிக்கூடம் தயார். பிளாச்சுத் தளத்தில் தேங்காய் மூடிகள். தளத்துக்குக் கீழே, மண்ணில், நெருப்பு. இங்கே தரையும் அரிப்பும் ஒன்றே. நெருப்புக்கும் சரக்குக்கும் இடையில் பிளாச்சும் காற்றும் தவிர வேறெதுவும் இல்லை. நிக்கோபாரியரின் வீடும் தூண்களின் மேல் நிற்பதே. கீழே வெற்றிடம் விட்டு மேலே வாழும் கட்டட அறிவு அவர்களுக்குப் புதிதன்று. வீட்டின் அடியில் பன்றிகள் ஒதுங்கும் இடத்தில், பரணின் அடியில் நெருப்பு ஒதுங்கியது என்று சொல்லலாம்.

இதில் நுட்பம் இல்லை என்று எண்ணுவது தவறு. எதை எரிப்பது என்பதிலேயே பாதி நுட்பம் அடங்கியிருக்கிறது. உரிமட்டையும் ஈர விறகும் புகையை மிகுதியாகத் தரும். சிரட்டை சூட்டை மிகுதியாகவும் புகையைக் குறைவாகவும் தரும். இலங்கையின் தென்னைத் தோட்டங்களில் செம்மைப்பட்ட கொப்பரைச் சூளை இந்த வேறுபாட்டின் மேல் எழுந்தது. சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாகத் தரைக்குழியில் அடுக்கி ஒரு முனையில் தீ வைப்பார்கள். தீ வரிசையோடு மெல்ல நகரும், யாரும் கிளறவேண்டியதில்லை, மேலே பருப்பு வெள்ளையாகவே உலரும். நிக்கோபாரின் பரணில் மட்டையும் விறகும் எரிந்தன. பருப்பு பழுப்பேறியது, புகை மணம் ஏறியது. கேரளக் கரையின் வெயிலில் காய்ந்த கொப்பரைக்கு அருகில் அதை வைத்தால் எண்ணெய் வணிகர் முகம் சுளிப்பார். விலையும் அதற்கேற்பக் குறையும். வெயில் உள்ள ஊரில் உலர்த்துவது செலவில்லாத வேலை. மழையுள்ள தீவில் அதற்கு விறகு வேண்டும், இரவுக்காவல் வேண்டும், வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும். அத்தனையும் செலவிட்டபின் அந்தச் செலவின் தடயமே சரக்கின் குற்றமாக எண்ணப்பட்டது. பல்லுயிர்ப் பொருளியல் பேசுவோர் 'மறைமுகச் செலவு' என்று சொல்வார்கள்; இங்கே மறைவு ஒன்றுமில்லை, நிறத்திலேயே தெரிந்தது.

ரப்பரின் கதை இதற்கு நேர்மாறு. அமேசான் காட்டில் ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் பனங்கொட்டைகளை எரித்த புகையில் ஒரு துடுப்பைச் சுழற்றிச் சுழற்றிப் பாலைப் படலம் படலமாக உறையவைத்தார்கள். அந்தப் புகைபிடித்த உருண்டையே 19ஆம் நூற்றாண்டில் உலகின் முதல்தர ரப்பர். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய ஜான் பார்க்கின், அசிட்டிக் அமிலம் சேர்த்தால் பால் சீராக உறையும் என்று காட்டினார். புகையின் ஒரு வேலையை அமிலம் எடுத்துக்கொண்டது. மற்றொரு வேலை மிச்சமிருந்தது: உறைந்த தாளை உலர்த்துவதும் பூசணம் அணுகாமல் காப்பதும். விறகுப் புகையிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் தாளின் மேல் படிந்து பூசணத்தைத் தடுக்கின்றன. புகையின்றி வெப்பத்தால் மட்டும் உலர்த்திய வெளிர்தாளும் உண்டு. ஆனால் அதற்குப் பூசணத் தடுப்பு வேதிப்பொருளைத் தனியே சேர்க்கவேண்டியிருந்தது. உலகச் சந்தை புகையேறிய தாளையே அளவுகோலாகக் கொண்டது. இன்றும் கோட்டயம் சந்தையில் நாள்தோறும் அறிவிக்கப்படும் ஆர்.எஸ்.எஸ். 4 என்ற தரத்தின் நடு எழுத்து 'புகையூட்டிய' என்பதைக் குறிப்பதே. கொப்பரையில் பழியான புகை, ரப்பரில் பட்டம்.

புகைக்கூடத்தின் கட்டட வரலாறு கவனத்துக்குரியது. மலாயாவிலும் இலங்கையிலும் தொடக்ககாலக் கூடங்கள் இரண்டடுக்கு மரக்கட்டடங்கள். கீழ்த்தளத்தில் திறந்த நெருப்பு. மேல்தளம் இடைவெளி விட்ட பலகைத்தரை. அதன் மேல் மூங்கிற்கழிகளில் ரப்பர்த் தாள்கள். அமைப்பில் இது பெரிதாக்கப்பட்ட கொப்பரைப் பரணே. இடரும் அதேதான், ஆனால் பன்மடங்கு. உலர்ந்த ரப்பர் பற்றினால் அணைப்பது கடினம். ஒரு தாள் கழியிலிருந்து நழுவி நெருப்பில் விழுந்தால் போதும், கூடமே சாம்பல். ஆகவே நெருப்பைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். சுவருக்குப் புறத்தே அடுப்பு. அடுப்பிலிருந்து தரைக்கு அடியில் செங்கற்கால்வாய். கால்வாயில் தரைநெடுகத் திறப்புகள். திறப்புகளின் மேல் வெப்பத்தைப் பரப்பவும் பொறியைத் தடுக்கவும் தகடுகள். கூரையில் ஈரக்காற்று வெளியேறத் திறந்து மூடும் துவாரங்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வகுத்த வடிவங்களிலும் இக்கொள்கையே அடிப்படை. உரோமர் அடுப்பைக் குளியலறைக்கு வெளியே வைத்தது குளிப்பவரின் மூச்சுக்காக. தோட்டக்காரர் வைத்தது காப்பீட்டுக்காக. வரைபடம் மட்டும் ஏறக்குறைய ஒன்றே.

வேலையின் ஒழுங்கு இப்படி. அதிகாலையில் வெட்டி முற்பகலில் சேர்த்த பாலை நீர் விட்டு நெகிழ்த்தி, அமிலம் சேர்த்து உறையவைத்து, மறுநாள் உருளைகளுக்கு இடையில் செலுத்தி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். கடைசி உருளை வரிவரியாகக் கோடு பதிக்கும். அந்த வரிகளால் பரப்பு பெருகி உலர்தல் விரையும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறையும். நிழலில் நீர் வடிந்த பின் கூடத்துக்குள் போகும். அங்கே ஏறக்குறைய நான்கு நாள், 40 முதல் 60 டிகிரிக்குள். முதல் நாள் கூரைத் துவாரங்களைத் திறந்துவைத்து மிதமான சூட்டில் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். தொடக்கத்திலேயே சூடு மிஞ்சினால் உள்ளே சிக்கிய நீர் கொப்புளமாகும். சூடு தாழ்ந்தால் பூசணம் முந்திக்கொள்ளும். முடிவில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். தேன்நிறத்தில் ஒளி ஊடுருவினால் நல்ல தரம். நடுவே வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஈரம் மிச்சம். ஒரு கிலோ ரப்பருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு செலவாகும்.

இந்த நான்கு நாளும் நெருப்பு அணையக்கூடாது, மிஞ்சவும் கூடாது. நள்ளிரவு ஒரு மணிக்கு அடுப்பில் எத்தனை கட்டை இருக்கவேண்டும், அவற்றில் எது ஈரம், எது காய்ந்தது, மழை வலுத்தால் கூரைத் துவாரத்தை எவ்வளவு மூடுவது என்பதெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொள்பவரின் கையில்தான். வெப்பமானி இருந்த கூடத்திலும் அது எண்ணைத்தான் காட்டும், அடுத்த கட்டையை எப்போது போடவேண்டும் என்று சொல்லாது. தொழில் கையேடுகளில் இந்த அறிவு ஒரு வரியில் முடிந்துவிடும்: வெப்பநிலையைச் சீராக வைக்கவும். அந்த வரியைச் செயலாக்கியவரின் இரவுகள் கையேட்டில் இல்லை.

சொற்களை நோக்கினால் இந்த அறிவு யாரிடம் இருந்தது என்பது ஓரளவு விளங்கும். அமிலத்தின் பெயரும் தரத்தின் பெயரும் ஆங்கிலம். ஆனால் மரத்தில் கத்தி படுவது 'பால் வெட்டு'. வெட்டுவாயிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியது 'ஒட்டுப்பால்'. இச்சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றாகவே வழங்கி, இன்று சந்தை விலைப்பட்டியல் வரை ஏறிவிட்டது. புகைக்கூடம் மலையாளத்தில் 'புகப்புர'. துரை, கங்காணி, லயம் என்று அதிகாரத்தின் சொற்கள் ஒருபுறம் நிற்க, கையால் தொடும் பொருள்களுக்குத் தொழிலாளர் தம் மொழியிலேயே பெயரிட்டார்கள்.

இந்த அறிவு கடல் கடந்தது ஓர் ஒப்பந்தத்தின் வழியே. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டனர். நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்பது உடன்பாடு. அந்த மிச்சமும் 1974இல் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டது. பேசப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. திரும்பியவர்களுக்கு என்ன தொழில் தருவது என்ற கேள்விக்கு அரசுகள் கண்ட விடை, பெரும்பாலும் அவர்கள் விட்டுவந்த தொழிலையே தருவது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், கேரளத்தின் புனலூரில் 1976இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களின் ரப்பர்க் காடுகள், கன்னியாகுமரியின் அரசு ரப்பர்த் தோட்டம் எல்லாம் இந்த ஒரே சிந்தனையின் கிளைகள். மிகத் தொலைவில் முளைத்த கிளை கச்சால்.

கச்சால், நன்கோரித் தீவுக்கூட்டத்தில் கமோர்ட்டாவுக்கும் நன்கோரிக்கும் மேற்கே உள்ளது. 1960களின் இறுதியிலிருந்து மைய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் அங்கே ரப்பர் நடவு தொடங்கியது. 1970களில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 1977இல் உருவான அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் பின்னர் அத்தோட்டத்தை நடத்தியது. பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். மலையகத் தமிழரில் பெரும்பாலோர் தேயிலையை அறிந்தவர்கள். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ரப்பரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் தேயிலைக்காரரும் 'ஸ்டோர்' என்று தாம் அழைத்த தொழிற்சாலையின் மாடியில் கீழிருந்து வரும் வெப்பத்தில் கொழுந்து வாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். வெப்பத்தைக் கையாளும் பழக்கம் இருசாரார்க்கும் பொது.

தீவுத் தோட்டத்துக்குப் புகைக்கூடம் ஒரு வசதியன்று, கட்டாயம். வெட்டிய பால் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். கப்பல் எப்போது வரும் என்பது கடலையும் நிர்வாகத்தையும் பொறுத்தது. பூசணம் பிடிக்காமல் வாரக்கணக்கில் காத்திருக்கக்கூடிய வடிவம் புகையூட்டிய தாள். உலர்த்தும் வெப்பம் இங்கே தூரத்துக்குக் கொடுக்கும் விலையாகவும் இருந்தது. மழை நாளில் வெட்டு நிற்கும். கூலியும் அதோடு ஊசலாடும். நெருப்பு மட்டும் நிற்க முடியாது, ஏனெனில் முந்தைய நாள்களின் தாள் உள்ளே தொங்குகிறது.

அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை இவ்விடத்தில் தாண்டிச் செல்ல முடியாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை நிக்கோபார்த் தீவுகளைப் பழங்குடியினருக்கென ஒதுக்கியது. கொழும்பும் தில்லியும் உண்டாக்கிய ஒரு சிக்கலுக்கான தீர்வின் ஒரு துண்டு, அந்த ஒதுக்கீட்டுக்கு நடுவே வந்து அமர்ந்தது. காட்டை வெட்டி ஒற்றைப் பயிரை நட்டது அரசு. அதில் உழைத்தவர் தம் விருப்பின்றிக் கடல் கடந்தவர். அருகில் தென்னந்தோப்பில் வாழ்ந்தவர் கேட்கப்படாதவர். ஒரு கரையில் பரணின் அடியில் மட்டை புகைந்தது. தீவின் உள்ளே ரப்பர் மரங்கள் நின்றன. குடியேறியோர் எதிர் பூர்வகுடி என்று இதை எளிதாக எழுதிவிடும் ஆய்வுகளுக்கு இந்த இரண்டு புகைகளும் சற்று இடைஞ்சல். இருவரும் ஒரே ஈரத்தோடு, ஏறக்குறைய ஒரே கருவியால் போராடினார்கள். வேறுபாடு உரிமையில் இருந்தது. பரண் பற்றி எரிந்தால் நிக்கோபாரியர் தம் சரக்கை இழப்பார். எரியாவிட்டால் கொப்பரை அவருடையது, தேங்காயை விற்பதா பன்றிக்குப் போடுவதா என்ற முடிவும் அவருடையது. ரப்பர்த் தாள் தேன்நிறமாக வந்தாலும் கொப்புளமிட்டாலும் அது கழகத்தின் தாள். தொழிலாளிக்கு உரியது நாட்கூலியும் குடியிருப்பும். குடியிருப்பும் வேலை உள்ளவரை.

பின் நடந்தவை விரைவாக நடந்தன. சேகர் சிங் ஆணையம், வனநிலத்தில் உள்ள செம்பனை, ரப்பர் போன்ற ஒற்றைப் பயிர்த் தோட்டங்களைப் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை தீவுகளின் மரவணிகத்தைப் பெருமளவு முடக்கியது. கழகத்தின் வருவாய் அதோடு சரிந்தது. சூழலியல் நோக்கில் அந்த ஆணை தேவையானது. ஆனால் தோட்டத்தை நம்பி அழைத்துவரப்பட்டவர்களின் அடுத்த தொழில் என்ன என்பதற்கு அதில் போதிய விடை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 காலை கடல் எழுந்தது. நிக்கோபார்த் தீவுகளில் மிகக் கொடிய இழப்பைச் சந்தித்தவற்றுள் கச்சால் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2011இல் மூவாயிரத்துக்கும் கீழே நின்றது. நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. கரையோரத் தென்னைகள் உப்புநீரில் நின்று பட்டன. தென்னை இல்லாத இடத்தில் பரணுக்கு வேலை இல்லை. மேட்டில் இருந்த ரப்பர் மரங்கள் பல தப்பின, வெட்டுவதற்கு ஆள் குறைந்தது.

2017இல் மைய அமைச்சரவை அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட ஒப்புதல் அளித்தது. ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் என்றார்கள். கடல் வடிந்த பின் கச்சாலின் கரையில் நடப்பட்ட தென்னங்கன்றுகளுக்கு அப்போது பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. தென்னை காய்ப்பதற்கு அவ்வளவு ஆண்டுகள் வேண்டியதில்லை.